கண்ணாடியோடு ஒட்டிய பட்டாளத்துப் படம்

காவேரிப்பட்டினம் நண்பரே, இரண்டாம் உலகப் போரில் தாத்தா லாரி ஓரம் குந்தி முகச்சவரம் செய்கிற படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது, எந்தப் போர்முனை என்றும் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உரிக்கவே உரிக்காதீர்கள். தர்மபுரியில் எங்கள் பெரிய தாத்தா படத்தை நான் பிளேடால் நெம்பினேன். மூக்கு கண்ணாடியோடு போய்விட்டது. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம், பின் அட்டையைக் கழற்றி பென்சில் எழுத்து இருக்கிறதா பாருங்கள்.

கொடியில் தொங்கும் சட்டை என்றீர்களே, அதன் கையில் தோளுக்குக் கீழே பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே தைத்த படைச் சின்னத்தில் கறுப்புப் பூனை இருந்தால் 17-ஆவது இந்திய டிவிஷன் (ராணுவப் படைப்பிரிவு), பர்மா. சிவப்புக் கழுகு என்றால் 4-ஆவது டிவிஷன். வட ஆப்பிரிக்கா, இத்தாலிப் பக்கம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை நம்பாதீர்கள், உருவத்தைப் பாருங்கள்.