காரோன் என்றால் இப்போது அல்ல

அன்புள்ள தம்பிக்கு,

மருத்துவப் படிப்புக்காக அடுத்த மாதம் பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்துக்கு வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். வாடகை எவ்வளவு, விசா நீட்டிப்புக்கு யாரைப் பார்ப்பது, சைவச் சாப்பாடு கிடைக்குமா, அந்த ஊர்க்காரர்களான இலோங்கோ மக்கள் எப்போதும் கொஞ்சுவதுபோலவே பேசுவார்கள் என்பது உண்மையா என நான்கு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டுக்கும் உங்கள் கல்லூரி அலுவலகத்தில் இருப்பவர்கள் என்னைவிடச் சரியாகப் பதில் சொல்வார்கள். கடைசிக் கேள்வியைப் படித்ததும், 2008-இல் ஒரு பெட்டியோடு இந்நகரத்தின் ஹாரோ பகுதியில் வந்து இறங்கி, கேட்ட சொல்லையெல்லாம் தவறாகப் புரிந்துகொண்டு நான் பட்ட பாடு நினைவுக்கு வந்துவிட்டது. ஆகவே அதைப் பற்றியே சற்று விரிவாக எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். கப்பலில் எஞ்சின் பகுதியில் வேலை பார்த்தவன். இந்தப் பானாய் தீவிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் ஏராளம் என்பதால், எங்கள் கப்பலில் பாதிப் பேர் இலோங்கோக்களாகவே இருந்தார்கள். அவர்களில் ஒருவன் நண்பனாகி, அவனுடைய அத்தை வீட்டு மாடியறையில் என்னைத் தங்கவைத்து, பிற்பாடு மைத்துனனும் ஆனான். அந்த அத்தையை எல்லோரும் ‘மனாங்’ என்றார்கள். நம் ‘அக்கா’ மாதிரி, வயதில் மூத்த பெண்களை அழைக்கும் சொல். வந்த இரண்டாம் நாள் காலையில் அவர் மாடிப்படியருகே நின்று, “காஓன் தா காரோன், ஹா?” என்றார். ‘காஓன் தா’ என்றால் ‘சாப்பிடுவோம்’ என்பது எனக்குத் தெரியும். ‘காரோன்’ என்றால் ‘இப்போது’ என்று செபு தீவைச் சேர்ந்த கப்பல் போசன் ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தார். உடனே கை கழுவிவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். மனாங் கொல்லைப்புறம் போய்க் கோழிகளுக்குத் தீனி போட்டார், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார், பக்கத்து வீட்டுக்காரரோடு வேலியோரம் நின்று நெடுநேரம் பேசினார். ஒன்றரை மணி நேரம் கழித்து உள்ளே வந்தவர், ஈரம் காய்ந்த கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து “அபாவ்!” என்று கூவியது இன்னும் என் காதில் இருக்கிறது. ‘அடேயப்பா’ என்று வைத்துக்கொள்ளுங்கள். செபுக்காரர் வாயில் ‘இப்போது’ என்று பொருள்படும் ‘காரோன்’, இலோங்கோக்காரர் பேசும் ஹிலிகாய்னோன் மொழியில் ‘பிறகு’ என்று ஆகிவிடுகிறது. இவர்களுக்கு ‘இப்போது’ என்பது ‘சுபோங்’. அந்தக் கதையை இன்றுவரை எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது ஒருவர் நடித்துக் காட்டாமல் இருப்பதில்லை.

குழாய் சரிசெய்ய வருபவரும் மின்சாரம் பார்க்க வருபவரும் ‘காரோன்’ என்று சொன்னால், அதை நம் ஊர்ப் ‘பார்க்கலாம்’ கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

இனி, கொஞ்சுவதைப் பற்றி. ஆம், உண்மைதான். வாக்கியத்தின் கடைசி அசையை இழுத்து, தாலாட்டு மெட்டில் ஏற்றி இறக்கித்தான் பேசுவார்கள். இலோங்கோக்காரர் கோபமாக இருக்கிறாரா, காதலைச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது என்பது இந்த நாடு முழுவதும் சொல்லப்படும் பழைய கேலி. எனக்கு அது கேலியாக முடியவில்லை. நான் வாங்கிய பழைய ஸ்கூட்டரை எதிர்வீட்டு வாசலை ஒட்டி நிறுத்திவந்தேன். அந்த வீட்டம்மாள் தினமும் காலையில் வெளியே வந்து, தலையைச் சாய்த்து, இனிய குரலில் நாலைந்து வாக்கியம் சொல்லிவிட்டுப் போவார். நானும் தினமும் “சலாமாத் கித்”, அதாவது ‘மிக்க நன்றி’ என்று பதில் சொல்லிவந்தேன். மூன்று வாரம் கழித்து, பின்னால் எனக்கு மனைவியாக வாய்த்தவள் தற்செயலாக அங்கே நின்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மாள் பாடிய பாட்டில் ‘லிந்தி’ என்ற சொல் மூன்று முறை வந்ததாம். ‘லிந்தி’ என்றால் மின்னல். நாம் ‘இடி விழ’ என்று திட்டுகிறோமே, அதேதான். ஒரு மனிதர் மூன்று வாரம் என் தலையில் இடி விழச் சொல்ல, நான் மூன்று வாரம் நன்றி சொல்லியிருக்கிறேன். ஆகவே குரலை நம்பாதீர்கள், தம்பி, சொல்லைக் கவனியுங்கள்.

சொற்கள் அப்படியொன்றும் கடினமல்ல. நல்ல ருசி என்றால் ‘நாமித் கித்’. ‘கித்’ எதையும் அழுத்திச் சொல்லச் சேர்க்கும் சிறு சொல், நாள் முழுவதும் காதில் விழும். ‘அதுதான், அப்படித்தான்’ என்பதற்கு ‘ஆமோ நா’, தமிழ்க் காதுக்கு உடனே பிடித்துவிடும். ‘அம்போத்’ என்றால் ‘எனக்கென்ன தெரியும்’. தோளைக் குலுக்கி இதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டால் உங்களை உண்மையிலேயே அம்போ என்று விட்டுவிட்டதாகப் பொருள். ஜீப்னியில், அதாவது இங்கே ஓடும் பங்கு வண்டியில், இறங்க வேண்டுமென்றால் ‘லுகார் லாங்’ என்று குரல் கொடுங்கள். பின்னால் உட்கார்ந்திருந்தால் கட்டணத்தைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்து ‘பாலிஹோக்’, ‘தயவுசெய்து’ என்றால் போதும், கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் போய், சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். வழி கேட்டால் விரலை நீட்ட மாட்டார்கள், உதட்டைக் குவித்துக் காட்டுவார்கள். உதடு எவ்வளவு நீள்கிறதோ, ‘அங்கே’ என்னும் ‘தித்தோ’வின் கடைசி எழுத்து எவ்வளவு இழுபடுகிறதோ, அவ்வளவு தூரம் நடக்க வேண்டும்.

‘எங்கே போகிறாய்?’ என்று கேட்பவருக்கு ஊரைச் சொல்லாதீர்கள்; ‘திரா லாங்’, ‘அதோ அங்கேதான்’ என்றால் போதும். நம் கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைக் கடந்து போனால் முன்பின் தெரியாதவர்கூட ‘காஓன் தா’ என்பார். வயிறு நிறைந்திருப்பதாகச் சொல்லிச் சிரித்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். நான் முதல் மாதத்தில் உட்கார்ந்துவிட்டேன், அதுவும் இரண்டு முறை. பத்து நாள் கழித்துச் சந்திப்பவர் ‘நாக்தம்போக் கா’, ‘குண்டாகிவிட்டாயே’ என்று நலம் விசாரித்தால் வருந்தவும் கூடாது.

இங்கே நம்மவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கைப்பேசிச் செயலியில் மணிலாப் பக்கத்து மொழியான தகாலோக் படித்துவிட்டு வந்து, சந்தையில் அதைப் பேசி, விலை குறையவில்லை என்று புலம்பும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். தகாலோக் எல்லோருக்கும் புரியும். ஆனால் ஹிலிகாய்னோனில் இரண்டு சொல் பேசினால்தான் கத்தரிக்காய்க்காரியின் முகம் மலரும். அதோடு இரண்டையும் கலந்தால் ஆபத்தும் உண்டு: இங்கே ‘நாலிபோக் ஆகோ’ என்றால் ‘குழம்பிப்போனேன்’ என்று பொருள், அதே ‘லிபோக்’ மணிலாவில் காமத்தைக் குறிக்கும். வகுப்பில் பாடம் புரியாதபோது எந்த ஊர்ப் பேராசிரியர் நிற்கிறார் என்று பார்த்துப் பேசுங்கள்.

உங்களையும் ‘பும்பாய்’ என்றே அழைப்பார்கள். பம்பாய் நகரத்தின் பெயரிலிருந்து வந்த சொல் இது; ஐந்து கொடுத்து ஆறு வாங்கும் வட்டிக்காக மோட்டார் சைக்கிளில் வரும் வடஇந்தியர்களைத்தான் முதலில் நினைவூட்டும். அழும் குழந்தையைப் ‘பும்பாய் பிடித்துக்கொண்டு போய்விடுவான்’ என்று மிரட்டுவதும் உண்டு. நான் தெருவில் நடந்தால் கடனாளி ஒருவர் கதவுக்குப் பின்னால் ஒளிந்த காலமும் இருந்தது. பெரிய வெங்காயத்துக்கும் ‘சிபுயாஸ் பும்பாய்’ என்றுதான் பெயர் என்பதை அறிந்த பிறகு எனக்குக் கோபம் போய்விட்டது.

சைவத்துக்கு வருகிறேன். ‘இறைச்சி வேண்டாம்’ என்று நீங்கள் சொன்னால், மிகுந்த அக்கறையோடு லாஸ்வா கொண்டு வந்து வைப்பார்கள். பூசணி, வெண்டை, கத்தரி, கீரை எல்லாம் வெந்து மிதக்கும். நடுவே இறாலும் மிதக்கும். இறால் எப்போது இறைச்சியானது என்று அவர்கள் உண்மையாகவே வியப்பார்கள். லா பாஸ் சந்தையின் புகழ்பெற்ற பாட்சோயை நூடுல்ஸ் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள்: பன்றி எலும்புச் சாறு, ஈரல், மண்ணீரல், மேலே நொறுக்கிய பன்றித்தோல் வறுவல். தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் ‘புட்டோ’ மட்டும் உங்களுக்கு ஆகும். பெயரில் நம் புட்டு, உருவத்தில் இட்லிக்குத் தங்கை. யுனெஸ்கோ 2023-இல் உணவுக்கலைக்காக இந்நகரத்தைப் படைப்பு நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது நியாயம்தான் என்பேன். ஆனால் அந்தப் பெருமையில் சைவருக்குப் பங்கு குறைவு. சமைத்துக்கொள்ளுங்கள்.

சமைக்க எல்லாம் இருக்கிறது. நெல், அரிசி, சோறு என்று நாம் பிரித்துச் சொல்வதுபோலவே இவர்களும் ‘ஹுமாய், புகாஸ், கான்-ஓன்’ என்று பிரித்துச் சொல்லும் சோற்றுக்காரர்கள். பழைய சோற்றுக்கு ‘பாஹாவ்’, கருவாட்டுக்கு ‘ஊகா’. துவரையைப் பருப்பாக உடைக்காமல் ‘காட்யோஸ்’ என்ற பெயரில் முழுதாக வேகவைத்து, பலாக்காயும் பன்றிக்கறியும் சேர்த்து, ‘பாத்வான்’ என்னும் காயால் புளிப்பேற்றுகிறார்கள். பாத்வான் நம் குடம்புளியின் இனம். அதைப் போட்டு நான் வைக்கும் மீன்குழம்புக்கு என் மாமனார் வீட்டில் இன்றும் சண்டை நடக்கும். புளியமரம் நிழல் தரும் நாட்டுக்கு ஐந்து கிலோ புளியைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்து, நால்வர் ஓர் அறையில் கூடி, ‘இங்கே வாய்க்கு விளங்க ஒன்றுமில்லை’ என்று குறை சொல்பவர்களிடம் நான் என்ன சொல்வது!

என் தாயார் 2014-இல் ஒரு மாதம் இங்கே வந்து தங்கினார். அவருக்கும் என் மாமியாருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. ஒருநாள் மாமியார் கோழிக்கறிக்குச் சேர்க்க ‘ஊபாத்’ நறுக்க உட்கார்ந்தார். அது வாழைத்தண்டு. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் இன்னொரு கத்தியை எடுத்து எதிரே உட்கார்ந்தார். வட்டம் வட்டமாக அரிந்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் வரும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி, கடைசியில் இருவர் விரலிலும் வெள்ளை மோதிரம்போல் நார் திரண்டிருந்தது. தட்டில் மாமியார் பன்றிக்கறி வைக்க வந்தபோது மட்டும் அம்மாவுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது, நான் சொல்லிக்கொடுத்தேன். ‘வேண்டாம், மாட்டேன்’ என்பதற்கு ஹிலிகாய்னோனில் ‘இந்தி’. 1965-இல் கல்லூரி மாணவியாக இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் நடந்த என் தாயார், அந்த மாதம் முழுவதும் மூன்று வேளையும் கையைத் தட்டின்மேல் மறைத்துக்கொண்டு, வாய் நிறைய ‘இந்தி, இந்தி’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

புளி வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா? பெட்டியில் இடம் மிஞ்சினால் கட்டிப் பெருங்காயம் இரண்டு டப்பா கொண்டு வாருங்கள். எனக்குத்தான்.