அக்டோபர் வெயிலில் கிறிஸ்துமஸ் பனி

அன்புள்ள சார்,

வணக்கம். நான் டல்லாஸில் இருக்கிறேன். பேரனைப் பார்த்துக்கொள்ள அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். ஹாலோவீனுக்கு வாங்கிய பூசணிக்காய் வாசலில் இன்னும் செதுக்காமல் கிடக்கிறது. ஏசி இல்லாமல் காரில் போக முடியாத வெயில். ஆனால் வீட்டுக்குள் டிவியில் பனி கொட்டுகிறது. ஹால்மார்க் சேனலில் அக்டோபர் பாதியிலிருந்தே கிறிஸ்துமஸ் படங்கள்தான். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, ஆனாலும் ஒன்று விடாமல் பார்க்கிறார். "இவங்க பண்டிகைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே, அதுக்குள்ள என்னடி அவசரம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நம்மூரில் தீபாவளிப் படம் தீபாவளியன்றுதானே வரும்? வருடா வருடம் இவர்கள் இன்னும் முன்னால் போவதுபோலவும் தோன்றுகிறது. அது உண்மையா, என் பிரமையா?

ர., டல்லாஸ்

அன்புள்ள ர.,

தீபாவளியிலிருந்தே தொடங்கலாம். நம் சேனல்கள் பண்டிகையன்று போடுவது பெரும்பாலும் பண்டிகையைப் பற்றிய படமே இல்லை. தியேட்டரில் ஓடிய பெரிய நடிகர் படத்தை விலை கொடுத்து வாங்கி, எல்லோரும் வீட்டில் இருக்கும் அந்த ஒரு நாளில் போட்டு விளம்பரக் காசை எடுக்கிறார்கள். அதே படத்தைப் பொங்கலுக்கும் போடலாம், மே தினத்துக்கும் போடலாம். ஹால்மார்க் படத்தில் கிறிஸ்துமஸ்தான் சரக்கே. டிசம்பர் 25 தாண்டிவிட்டால் அந்தச் சரக்குக்கு மவுசு போய்விடும். பின்னால் நீட்ட முடியாத சீசனை முன்னால்தானே நீட்ட முடியும்?

இதை நடத்துவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஹால்மார்க் அடிப்படையில் வாழ்த்து அட்டைக் கம்பெனி. ஜாய்ஸ் ஹால் என்ற இளைஞர் (பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள்) 1910இல் கான்சஸ் சிட்டியில் அஞ்சலட்டை விற்று ஆரம்பித்தது. 1951 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் என்பிசி தொலைக்காட்சியில் ஓர் ஓபராவை வழங்கி, டிவி பக்கம் வந்தார்கள். தங்கள் பெயரிலேயே சேனல் வந்தது 2001இல். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் அலங்காரப் பொம்மைகளை 1973 முதல் விற்கிறார்கள். அந்த வருடத்துப் புது வரிசை ஹால்மார்க் கடைகளில் இறங்குவது ஜூலையில். அதையொட்டி சேனலிலும் ஜூலையில் கிறிஸ்துமஸ் படங்கள் ஓடும். ஆக, அம்மா கேட்கும் 'அவசரம்' அக்டோபரில் ஆரம்பிப்பதே இல்லை. பேரனின் கோடை விடுமுறையிலேயே ஒரு சுற்று முடிந்திருக்கும்.

கடைக்காரர்களுக்காகப் பருவத்தை முன்னே இழுப்பது அமெரிக்காவில் பழைய வழக்கம். நவம்பர் கடைசி வியாழனில் கொண்டாடிய நன்றிகூறல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) முடிந்த பிறகுதான் கிறிஸ்துமஸ் வியாபாரத்தைத் தொடங்குவது அங்கே மரபாக இருந்தது. 1939இல் நவம்பர் மாதத்தின் கடைசி வியாழன் 30ஆம் தேதி விழுந்தது. விற்க நாள் போதாது என்று பெரிய கடைக்காரர்கள் முறையிட்டார்கள். அதிபர் ரூஸ்வெல்ட் பண்டிகையையே ஒரு வாரம் முன்னால் தள்ளி 23ஆம் தேதிக்குக் கொண்டுபோனார். பாதி மாநிலங்கள் ஏற்கவில்லை. உங்கள் டெக்சாஸ் வம்பே வேண்டாம் என்று இரண்டு வியாழனையும் கொண்டாடியது. கடைசியில் 1941இல் நாடாளுமன்றம் நான்காவது வியாழன் என்று சட்டம் போட்டு முடித்துவைத்தது. ஒரு நாட்டின் அதிபரே பஞ்சாங்கத்தில் கை வைத்த பிறகு, ஒரு சேனல் அக்டோபரில் பனி கொட்டவைப்பதைப் பெரிய துணிச்சல் என்று சொல்ல முடியவில்லை. இன்று கடைகளும் நன்றிகூறல் நாளுக்குக் காத்திருப்பதில்லை. அமேசானின் பெரிய தள்ளுபடி விற்பனை ஒன்று அக்டோபரிலேயே வந்துவிடுகிறது. பொருள் விற்பவர் அக்டோபரில் விளம்பரம் கொடுக்கத் தயார் என்றால், அந்த விளம்பரத்தைச் சுற்றி ஓட்ட ஒரு படம் வேண்டும்.

அந்தப் படங்களை எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் மீதியும் புரியும். பெரும்பாலும் கனடாவில் எடுக்கிறார்கள். அரசின் வரிச்சலுகை உண்டு, அமெரிக்க டாலருக்கு அங்கே மதிப்பும் அதிகம். ஒன்டாரியோவின் ஆல்மாண்ட், பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபோர்ட் லாங்லி போன்ற சின்ன ஊர்களின் கடைத்தெருவைப் படத்துக்குப் படம் பார்க்கலாம். ஒரு படத்துக்கு ஏறக்குறைய மூன்று வாரப் படப்பிடிப்பு, பல சமயம் கோடையில். அம்மாவிடம் சொல்லுங்கள், அடுத்த படத்தில் கதாநாயகியின் வாயைக் கவனிக்கட்டும். கம்பளிக் கோட்டு, மஃப்ளர், கையுறை எல்லாம் இருக்கும். மூச்சில் மட்டும் ஆவி வராது. தெருவில் வெள்ளைத் துணியும் நுரையும் பொடித்த ஐஸும் போட்டிருப்பார்கள். பின்னால் தள்ளி நிற்கும் மரத்தில் சில நேரம் பச்சை இலை தெரியும். கதையும் அம்மாவுக்கு இதற்குள் பழகியிருக்கும்: நகரத்தில் பெரிய வேலையில் இருக்கும் பெண் சொந்த ஊருக்கு வருவாள், ஒரு பேக்கரியோ மரப்பண்ணையோ மூடப்படும் நிலையில் இருக்கும், முத்தமிடப் போகும் நேரத்தில் யாராவது குறுக்கே வருவார்கள். ஆங்கிலம் தெரியாமலே பின்தொடர முடிகிறது என்றால் காரணம் இதுதான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே பார்க்க எடுத்த படத்தில் திடீர்த் திருப்பம் வைத்தால் பார்ப்பவருக்குத்தான் தொந்தரவு.

இப்போது கணக்குக்கு வருவோம். 2019இல் ஹால்மார்க் தன் இரண்டு சேனல்களுக்கும் சேர்த்து 40 புதுப் படங்கள் எடுத்தது. புதுப் படங்களை முக்கியமாக வார இறுதியில்தான் இறக்குவார்கள். நன்றிகூறல் நாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை கிடைப்பதோ நாலே வார இறுதிகள். அத்தனை படத்தை எங்கே வைப்பது? அக்டோபர் பாதியில் தொடங்கினால் பத்து வார இறுதிகள் கிடைக்கும். அப்புறம் இடையில் உள்ள நாட்களுக்குப் பழைய படங்கள் இருக்கவே இருக்கின்றன. ஒருமுறை செலவு செய்து எடுத்தது, எத்தனை வருடம் போட்டாலும் ஓடும். சொல்லப்போனால் புதுப் படம், பழைய படங்களின் பக்கம் ஆளைக் கூட்டிவரும் விளம்பரம்தான். விளம்பர நேரத்தின் பெரும்பகுதியை அமெரிக்க சேனல்கள் மே, ஜூன் மாதங்களில் மொத்தமாக விற்றுவிடும். 'எங்களிடம் நாலு வாரம் இருக்கிறது' என்பதைவிட 'பத்து வாரம் இருக்கிறது' என்று சொல்வது விற்பவருக்கு லாபம்.

மறு ஒளிபரப்பின் மகிமையை அமெரிக்கத் தொலைக்காட்சி தற்செயலாகத்தான் கற்றுக்கொண்டது. 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' 1946இல் வந்தபோது சுமாராகத்தான் ஓடியது. 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். ஓசியில் கிடைத்த படம், விடுவார்களா? ஊர் ஊருக்கு இருந்த டிவி நிலையங்கள் டிசம்பர் வந்தால் போட்டுத் தள்ளின. பார்த்துப் பார்த்தே அது தேசத்தின் கிறிஸ்துமஸ் படம் ஆயிற்று. பிறகு 1990களில் உரிமையை மீட்டு ஒரே நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை. ஹால்மார்க் தற்செயலை நம்பவில்லை; வருடா வருடம் சரக்கைச் சேர்த்து வைத்திருக்கிறது.

பார்ப்பவர்கள் மேல் இதைத் திணிக்கிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது ஹால்மார்க் ஒரு வார இறுதி முழுக்கக் கிறிஸ்துமஸ் படங்களைப் போட்டது. மார்ச்சில் கடைக்காரருக்கு இதில் என்ன லாபம்? முடிவு நல்லபடியாக இருக்கும் என்று முன்பே தெரிந்த ஒன்றை ஜனங்கள் அப்போது பார்க்க விரும்பினார்கள், அவ்வளவுதான்.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி. ஃபேமிலி சேனல் என்ற இன்னொரு அமெரிக்க சேனல் 1996இல் '25 நாள் கிறிஸ்துமஸ்' என்று ஆரம்பித்தபோது டிசம்பர் 1தான் தொடக்கம். ஹால்மார்க்கின் கிறிஸ்துமஸ் வரிசை 2009இல் வந்தது. ஆரம்ப ஆண்டுகளில் அதுவும் நவம்பரில்தான் தொடங்கியது, பிறகு அக்டோபருக்குள் நுழைந்தது. 2018இல் அக்டோபர் 26, 2020இல் 23, 2022இல் 21, 2024இல் 18, 2025இல் 17. முன்னால் போகிறது என்று நீங்கள் நினைத்தது சரிதான். ஆனால் இந்தத் தேதிகள் அத்தனையும் வெள்ளிக்கிழமை. அதே வெள்ளி வருடத்துக்கு ஒரு தேதி முன்னால் நகரும், லீப் வருடத்தில் இரண்டு தேதி. 2018இலிருந்து நகர்ந்த ஒன்பது நாளும் நாள்காட்டி செய்த வேலை. வழக்கமாக இப்படி ஒதுங்கிக்கொண்டே போகும் தேதியை ஏழு நாள் ஆனதும் ஒரு வாரம் பின்னால் தள்ளிச் சரிசெய்வார்கள். இங்கே யாரும் அதைச் செய்யவில்லை. செய்யவும் முடியாது என்று நினைக்கிறேன். ஹால்மார்க் சேனலை நடத்திவந்த பில் அபாட் 2020இல் வெளியேறி, அடுத்த வருடமே போட்டிச் சேனலோடு வந்துவிட்டார். கிரேட் அமெரிக்கன் ஃபேமிலி என்ற அந்தச் சேனலிலும் அக்டோபரிலேயே கிறிஸ்துமஸ்தான். ஒரு வாரம் விட்டுக்கொடுத்தால் அம்மா அந்தப் பக்கம் போய்விடுவார்.

யாரும் கை வைக்காவிட்டால் 2028இல் இந்த வெள்ளி அக்டோபர் 13க்கு வந்து நிற்கும்.