கேள்வி – பதில்: டயருக்கு 32, உடம்புக்கு 120

கேள்வி: காரின் கதவோரத்து ஸ்டிக்கரில் டயருக்கு 220 கிலோபாஸ்கல் என்று போட்டிருக்கிறது. என்னிடமுள்ள பம்ப் பிஎஸ்ஐ மட்டும்தான் காட்டுகிறது. எவ்வளவு அடிக்க வேண்டும்?

பதில்: 32 வையுங்கள். ஒரு பிஎஸ்ஐ என்பது 6.895 கிலோபாஸ்கல்; 220ஐ அதால் வகுத்தால் 31.9 வரும். மனக்கணக்கு போதும் என்றால் 7ஆல் வகுக்கலாம், அரை பிஎஸ்ஐ குறைவாக வரும். அந்த அரையைப் பற்றி டயர் கவலைப்படாது. செல்போன் செயலி 31.9083 என்று காட்டும். அந்த நாலு தசமத்தையும் நம்பி முள்ளை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

சில கேஜ்களில் ‘பார்’ என்ற அலகு இருக்கும், சிலவற்றில் கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு). இரண்டும் ஒன்றுதான் என்று சொல்பவர்கள் நிறைய. ஒரு பார் 100 கிலோபாஸ்கல், ஒரு கிலோ 98.07. டயரில் இந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் 10 கிலோவில் திறக்க வேண்டிய பாய்லர் வால்வை 10 பாரில் வைத்தால், கிட்டத்தட்ட 20 கிலோபாஸ்கல் கூடுதலாக ஏறிய பிறகுதான் திறக்கும். கேஜ்களைச் சரிபார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. இந்த வித்தியாசத்தை மட்டும் விட மாட்டேன்.

கேள்வி: என் ரத்த அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரசம். காற்றழுத்தம் 760 என்று மகளின் பாடப் புத்தகம் சொல்கிறது. அப்படியானால் விரலை வெட்டிக்கொண்டால் காற்றுதானே உள்ளே போக வேண்டும், ரத்தம் ஏன் வெளியே வருகிறது?

பதில்: பிரமாதமான கேள்வி! அலகு மாற்றும் அட்டவணை எதிலும் இதற்குப் பதில் இருக்காது. இரண்டும் ஒரே அலகுதான். எண்ணத் தொடங்கும் இடம்தான் வேறு.

காற்றழுத்தமானியில் குழாயின் மேல்முனை மூடியிருக்கும். பாதரசத்துக்கு மேலே கிட்டத்தட்ட வெற்றிடம். ஆகவே அது ஒன்றுமில்லாத நிலையிலிருந்து எண்ணுகிறது. ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய பாதரசக் கருவியில் குழாயின் மேல்முனை வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். கையில் பட்டையைச் சுற்றும் முன்பே 760 அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. கருவியோ அதை 0 என்று கணக்கில் வைத்துக்கொள்கிறது. உங்கள் 120 அதற்கு மேலே இருப்பது. மொத்தமாகச் சொன்னால் 880. அதனால்தான் ரத்தம் வெளியே வருகிறது.

டயர் கேஜும் இதே ரகம். காற்றிறங்கிய டயரில் முள் 0க்கு வந்துவிடும், ஆனால் உள்ளே இருப்பது வெற்றிடம் இல்லை, வெளியே இருக்கிற அதே 101.3 கிலோபாஸ்கல் காற்று. முதல் கேள்விக்காரரின் 220ம் உண்மையில் 321தான்.

பிஎஸ்ஐயைக் கிலோபாஸ்கலாக மாற்றும்போது இதைப் பற்றி யோசிக்க வேண்டாம், இரண்டு பக்கமும் கேஜ் அளவாகவே, அதாவது வெளிக்காற்றுக்கு மேலே எண்ணியதாகவே, இருக்கும்வரை. மகள் வாயு விதிக் கணக்குப் போடும்போது மட்டும் முதலில் காற்றழுத்தத்தைக் கூட்டச் சொல்லுங்கள். கூட்டாமல் போட்டால் பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரியாக இருந்தும் விடை தப்பாகும்.

கேள்வி: வானிலை அறிக்கையில் முன்பு மில்லிபார் சொன்னார்கள், இப்போது ஹெக்டோபாஸ்கல். எத்தனையால் பெருக்குவது?

பதில்: ஒன்றால். 1,013 மில்லிபார் என்றாலும் 1,013 ஹெக்டோபாஸ்கல் என்றாலும் ஒன்றுதான்.