மரம் இறக்கிய லாரித் தடத்தை மூடுவது எப்படி? ஏற்காட்டிலிருந்து கேள்வி பதில்

சேர்வராயன் மலையில் 30 வருடம் எஸ்டேட் பாதை வேலை பார்த்தவன் நான். போட்டதும் நான்தான், அதில் பாதியைப் பிறகு மூடியதும் நான்தான். காபித் தோட்டத்தில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களை வெட்டி இறக்கப் போட்ட லாரித் தடங்களை என்ன செய்வது என்று ஒரு வாரமாக ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில்.

நாகலூரிலிருந்து: மரமெல்லாம் இறக்கியாச்சு அண்ணே. இனி பதினஞ்சு வருஷத்துக்கு லாரி வராது. முனையில சங்கிலி போட்டுப் பூட்டிட்டோம். போதும்தானே?

போதாது தம்பி. சங்கிலிக்கு லாரி நிற்கும், தண்ணீர் நிற்காது. லாரி ஓடிய வரைக்கும் யாராவது ஒருத்தர் மம்பட்டியோடு போய் ஓரவாய்க்காலில் அடைத்த சருகைத் தள்ளிவிட்டு வந்திருப்பார், பூட்டிய மறுநாளிலிருந்து அந்த ஆள் கிடையாது. சுமை ஏறி ஏறி இறுகிப்போன தரை சிமெண்ட் களம் மாதிரி, பெய்கிற மழை உள்ளே இறங்காது. மேட்டுப்பக்கம் மலையை வெட்டிவிட்டோம் அல்லவா, மண்ணுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்த ஊற்றுத் தண்ணீரும் அந்த வெட்டில் வெளியே வந்து பாதையில் விழும். இரண்டும் சேர்ந்தால் அது பாதை இல்லை, வாய்க்கால். அந்தத் தண்ணீர் ஒன்றுசேராமல் அங்கங்கே பிரிந்து பழைய வழிக்கே போகும்படி செய்வதைத்தான் நான் மூடுவது என்று சொல்வேன்.

மஞ்சக்குட்டையிலிருந்து: ஓடைக்குக் குறுக்க சிமெண்ட் ஹியூம் பைப் போட்டு மண் கொட்டியிருக்கு. நல்லாத்தான் தண்ணி போகுது. விட்டுடலாமா?

எடுங்கள். ஒரு நாள் ஜேசிபி வாடகைக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால் அந்த ஒரு நாளையும் இங்கேயே செலவழியுங்கள். நானும் ஒரு தோட்டத்தில் உங்களைப் போலத்தான், நன்றாகத்தானே போகிறது என்று விட்டேன். ஐப்பசி மழையில் ஓக் கிளை ஒன்று வந்து பைப் வாயில் மாட்டி, அதன்மேல் சருகு அடைத்து, ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் பாதைமேல் ஏறிவிட்டது. நேராகக் கடந்து ஓடையிலேயே விழுந்திருந்தால் கொட்டிய மண் மட்டும்தான் போயிருக்கும். பாதை அந்த இடத்தில் ஒரு பக்கமாக இறங்கியது, அதனால் ஓடையே பாதையோடு திரும்பி 200 அடி ஓடி, காபிக்குள் இறங்கிப் புதிதாக ஒரு பள்ளம் வெட்டிவிட்டது. காய்த்துக்கொண்டிருந்த அரபிகா செடிகள் வேரோடு கீழே கிடந்தன. முதலாளி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பைப்பை மட்டும் உருவிவிட்டு மண்ணை அப்படியே விட்டால் முதல் மழையில் அத்தனையும் கீழே போய்விடும். கொட்டிய மண் முழுவதையும் அள்ள வேண்டும், ஓடையின் பழைய அடித்தரை தெரியும் வரைக்கும். உருண்டைக் கல், கறுத்த மண், மக்கிய பழைய வேர் கண்ணில் பட்டால் அடித்தரை வந்துவிட்டது என்று அர்த்தம். அகலம் எவ்வளவு விடுவது என்பதற்கு மேலேயும் கீழேயும் கொஞ்ச தூரம் நடந்து, இயற்கையாக ஓடை எவ்வளவு அகலம் இருக்கிறது என்று பார்த்து அதைவிடக் குறையாமல் விடுங்கள். இரண்டு கரையையும் செங்குத்தாக நிறுத்தாமல் ஓரடி உயரத்துக்கு இரண்டடி படுக்கையாகச் சரித்துவிடுங்கள். அள்ளிய மண்ணை ஓடைக்கு எட்டாத மேட்டுப்பக்கத்தில் போடுங்கள், ஓரத்தில் குவித்து வைத்தால் திரும்ப அதே கதைதான். தண்ணீர் ஓடுகிற காலம் என்றால் மேலே மணல் மூட்டை அடுக்கி, பைப் வழியாகத் தண்ணீரைக் கடத்திவிட்டு வேலை செய்யுங்கள்.

வாழவந்தியிலிருந்து: குறுக்கு வரப்பு எத்தனை அடிக்கு ஒண்ணு போடணும் சார்?

பாதையில் ஓடிவரும் தண்ணீரைப் பள்ளப்பக்கம் திருப்பிவிடக் குறுக்கே போடுகிற வரப்பைத்தானே கேட்கிறீர்கள், அது பாதையின் இறக்கத்தைப் பொறுத்தது. 100 அடி நடந்தால் 5 அடி இறங்குகிற பாதையில் 130 அடிக்கு ஒன்று போதும். 10 அடி இறங்கினால் 80 அடிக்கு ஒன்று, 20 அடி இறங்கினால் 45 அடிக்கு ஒன்று. மண் பொடிமண்ணாக இருந்தால் இன்னும் நெருக்கமாகப் போடலாம், தப்பில்லை.

எண்ணிக்கையைவிட போடுகிற விதத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பாதைக்கு நேர்குறுக்காகப் போட்டால் தண்ணீர் தேங்கி வண்டல் சேர்ந்து ஒரே மழையில் நிரம்பிவிடும். நேர்குறுக்கிலிருந்து 30 டிகிரி திருப்பி, பள்ளப்பக்க முனை இறக்கத்தில் இருக்கும்படி போடுங்கள். ஓரடிக்குப் பள்ளம் வெட்டி, அந்த மண்ணைப் பள்ளத்துக்குக் கீழ்ப்பக்கம் ஓரடி வரப்பாகப் போட்டு நன்றாக மிதித்து இறுக்குங்கள். வரப்பின் மேல்முனை, மேட்டுப்பக்கம் மலையை வெட்டிய சுவரிலேயே போய் முட்ட வேண்டும், அங்கே ஒரு சாண் இடைவெளி விட்டாலும் தண்ணீர் அதன் வழியே சுற்றிக்கொண்டு போய்விடும். பள்ளப்பக்கத்து வாய் திறந்திருக்கட்டும். அந்த வாய் கொட்டுமண்மேல் திறக்கக் கூடாது, பாறையோ புதரோ இருக்கிற இடமாகப் பாருங்கள். இல்லையென்றால் கல் பரப்பிவிடுங்கள்.

செம்மநத்தத்திலிருந்து ஒரு தங்கை: தரையைக் கிளறிவிட்டா மண்ணு இன்னும் லேசாயி அடிச்சிட்டுப் போகாதா அண்ணா?

நியாயமான பயம்மா. மேலாக அரை அடி மட்டும் கிளறினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். ஒன்றரை, இரண்டு அடி ஆழத்துக்கு இறுகிய அடுக்கை உடைத்தால் தண்ணீர் மேலே ஓடாமல் உள்ளே இறங்கும். நம் செம்மண் ஈரமாக இருக்கும்போது கிளறினால் களி மாதிரி பிசைந்து திரும்ப இறுகிக்கொள்ளும். அதனால் மண் வேலையைத் தை, மாசி, பங்குனிக்குள் முடித்துவிட்டு, கோடை மழை முதல் தூறலில் கொள்ளும் கம்பும் விதைத்து, மேலே சருகு, புல், ஓக் கொப்பு எது கிடைத்தாலும் மூடாக்குப் போடுங்கள். செங்குத்தான இடத்துக்குத் தென்னை நார் வலை நல்லது.

கொட்டச்சேட்டிலிருந்து: வெட்டிவேர் மட்டும் நட்டா ஆகாதா?

வேர் இரண்டு மூன்று மீட்டர் இறங்கும், மண்ணை நன்றாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வெயில் வேண்டும், ஓக் நிழலில் நோஞ்சானாகத்தான் நிற்கும். தண்ணீர் ஒரே இடத்தில் குவிந்து பாய்ந்தால் வெட்டிவேரும் சேர்ந்தே போகும். முதலில் வரப்பு, அப்புறம் வெட்டிவேர்.

பெயர் வேண்டாம் என்றவர்: பாதையோட பள்ளப்பக்க ஓரத்துல வளைவா ஒரு வெடிப்பு தெரியுது. பழைய பாதை, பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இவ்வளவு நாள் நின்னது இனியும் நிக்காதா?

ஐயா, மற்றதெல்லாம் மெதுவாகச் செய்யலாம், இதை உடனே பாருங்கள். அந்தக் காலத்தில் பாதை போடும்போது வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, கிளை எல்லாவற்றையும் பள்ளப்பக்கம் தள்ளி அதன்மேலேயே மண்ணைக் கொட்டுவார்கள். கட்டை கெட்டியாக இருந்த வரைக்கும் அதுதான் மண்ணைத் தாங்கியது. பத்து வருடத்தில் அது மக்கி உள்ளே பொந்து விழும், மழைத் தண்ணீர் வெடிப்பு வழியாக இறங்கும், மொத்தமாகச் சரியும். கீழே வீடோ தொழிலாளர் லைன் வீடுகளோ இருந்தால் மழைக்காலத்தில் ஆட்களை அங்கே தங்கவிடாதீர்கள். பொக்லைன் வைத்து அந்த ஓரத்து மண்ணை அள்ளி, மேட்டுப்பக்க வெட்டில் அணைத்து, பழைய மலைச்சரிவு மாதிரியே வெளிப்பக்கம் சாய்த்துவிடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு நம் மலைப்பாதையிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றது. யாரும் கவனிக்காத தோட்டப் பாதை எந்த மூலைக்கு?

குப்பனூரிலிருந்து: பழம் பறிக்கிறவங்க நடந்து போக வழி வேணுமே?

மூன்றடி ஒற்றையடிப் பாதை விடுங்கள். வரப்புமேல் ஏறி இறங்கிப் போகட்டும். பைக்கை மட்டும் விடாதீர்கள், ஒரே இடத்தில் சக்கரம் ஏறி ஏறி வரப்பு வாய் பிளந்துவிடும்.

சேலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: இதுக்கெல்லாம் நிஜமா பலன் இருக்குன்னு யாராவது அளந்து பார்த்திருக்காங்களா சார்?

பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ரெட்வுட் தேசியப் பூங்கா 1978-ல் விரிவாக்கப்பட்டபோது, மரம் வெட்டிய காட்டோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லாரிப் பாதைகளும் சேர்ந்து வந்தன. ஓடைக் குறுக்கைத் தோண்டி எடுப்பது, ஓரத்து மண்ணை இழுத்து அணைப்பது என்று நாம் மேலே பேசிய அதே வேலைகள்தான் அங்கேயும். 1997-ல் பெருமழை வந்த பிறகு அளந்து பார்த்ததில், சரிசெய்த பாதைகளிலிருந்து போன மண், சும்மா விட்ட பாதைகளிலிருந்து போனதில் கால் பங்குதான். முழுக்க நின்றுவிடவில்லை, கவனியுங்கள். உங்கள் ஊருக்கும் இதில் பங்கு உண்டு தம்பி, சேலத்துக்குள் ஓடுகிற திருமணிமுத்தாறு பிறப்பது இந்த மலையில்தானே.

மீண்டும் நாகலூர்: அனுமதி ஏதும் வாங்கணுமா அண்ணே?

மரம் ஒன்றாவது இடைஞ்சலாக இருந்து வெட்ட வேண்டியிருந்தால் 1955-ஆம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும், சொந்த நிலமானாலும்தான். இயந்திரம் ஏற்றுவதற்கு முன்னால் தாலுகா அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் பாதை போகிறது என்றால் கை வைக்கவே வேண்டாம், வனத்துறைக்கு எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், வேலை முடிந்த முதல் பெருமழையில், மழை விட்ட பிறகு அல்ல, பெய்துகொண்டிருக்கும்போதே குடையையும் மம்பட்டியையும் எடுத்துக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள். எந்த வரப்பைத் தாண்டித் தண்ணீர் போகிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும், அங்கேயே நின்று நாலு கொத்துக் கொத்திச் சரிசெய்துவிடலாம்.