சிங்கம் பார்க்க ஓய்வூதியப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: வயது 42. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். சம்பளம் மாதம் 28,000 ரேண்ட்; எல்லாச் செலவும் போக 1,500 மிஞ்சும். கூட வேலை செய்பவர் க்ரூகர் தேசியப் பூங்கா பக்கம் ஒரு தனியார் லாட்ஜில் தங்கிவிட்டு வந்து படம் காட்டினார். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. நான், மனைவி, 10 வயது மகள், 5 வயது மகன், என் அம்மா என ஐந்து பேர். இன்னும் மூன்று மாதத்தில் ஜூலை விடுமுறை. ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பானையில் (ஓய்வுக்கு முன்பே எடுக்க விடும் பகுதி) இதுவரை கைவைக்கவில்லை. அதிலிருந்து 30,000 எடுத்து, குறைவதைக் கிரெடிட் கார்டில் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. பானையை உடைத்துப் போக வேண்டாம் என்கிறேன்.

நீங்கள் 30,000 கேட்டால் கையில் 30,000 வராது. 2024 செப்டம்பர் 1இல் வந்த இரண்டு பானைத் திட்டத்தில், சேமிப்புப் பானையிலிருந்து எடுப்பது அந்த ஆண்டின் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். உங்கள் வருமானத்துக்கு அதன் மேல் வரி 26%. 7,800 வரித்துறையான சார்ஸுக்குப் போனால் மிச்சம் 22,200. நிதி நிர்வாகி தன் கட்டணத்தை எடுத்துக்கொள்வார். சார்ஸுக்குப் பழைய பாக்கி ஏதாவது இருந்தால் அதையும் இதிலேயே பிடிப்பார்கள். அதே பணத்தை விட்டுவைத்தால்? விலைவாசி ஏற்றம் போக ஆண்டுக்கு 4% வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் 62 வயதில், இன்றைய மதிப்பிலேயே ஏறக்குறைய 65,000 ரேண்ட். சில ராத்திரிக்கு அது அதிக விலை.

கார்டைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஊர் திரும்பி ஆறு மாதம் கழித்தும் யானைக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நண்பர் போன தனியார் லாட்ஜில் ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். சாப்பாடு, வழிகாட்டி, திறந்த வண்டி எல்லாம் அதில் அடக்கம். தேனிலவுக்குச் சரி, ஐந்து பேர் குடும்பத்துக்குக் கட்டாது. அரசுப் பூங்காவில் சொந்தக் காரில் நாமே ஓட்டிப் போனால் கணக்கே வேறு. ஒரு குடிலில் எல்லோரும் தங்கலாம், அடுப்பு, பாத்திரம் உண்டு, வெளியே பிராய் போடலாம் (கரி அடுப்பில் சுட்டுச் சாப்பிடலாம்).

அதனால் முதல் பயணத்தை க்ரூகரில் தொடங்காமல் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்து ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி பூங்காவில் தொடங்குங்கள். டர்பனிலிருந்து வடக்கே ஏறக்குறைய 280 கிலோமீட்டர். சிலர் இதை இரண்டாந்தரமாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 1895இல் அறிவிக்கப்பட்ட காடு இது. அழியப்போன தென்பகுதி வெள்ளைக் காண்டாமிருகம் பிழைத்தது இங்கேதான். 1960களில் வனக்காவலர் இயன் பிளேயரும் அவர் கூட்டாளிகளும் இங்கிருந்து பிடித்து மற்றப் பூங்காக்களுக்கு அனுப்பினார்கள். க்ரூகரில் இன்று நிற்கும் வெள்ளைக் காண்டாமிருகங்களின் வேரும் இந்த மண்தான். சிங்கம், சிறுத்தை, யானை, எருமை எல்லாம் உண்டு.

ஜூலையை விடுங்கள், செப்டம்பர் கடைசியில் வரும் பள்ளி விடுமுறையைப் பிடியுங்கள். மழைக்கு முந்தின காலம்; புல் குட்டையாக இருக்கும், மிருகங்கள் தண்ணீரைத் தேடி வரும். புரட்டாசி ஆச்சே என்று அம்மா தயங்குவார். நம் அடுப்பில் நாமே சமைப்பதால் விரதத்துக்கு ஒரு குறையும் வராது. இன்றிலிருந்து மாதம் 1,500 என்றால் ஆறு மாதத்தில் 9,000. போக வர, உள்ளே சுற்ற என்று 900 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர், லிட்டர் 22 ரேண்ட் என்று வைத்தால் பெட்ரோலுக்கு 1,600 போகும். வழியில் டோல் தனி. மீதியில் இரண்டு இரவு அடங்காவிட்டால் ஒரு இரவாகக் குறையுங்கள், கடன் வேண்டாம். குடில் எடுப்பது ஹில்டாப் முகாமில் இருக்கட்டும், அதற்கு வேலி உண்டு. அங்கே உள்ள இன்னொரு முகாமான ம்பிலா அழகான இடம்தான், ஆனால் வேலி இல்லை. இரவில் கழுதைப்புலி முற்றத்துக்கே வரும். 5 வயதுப் பையனோடு அது வேண்டாம்.

சாப்பாட்டுக் கூடையை ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். எங்கள் முதல் பயணத்தில் ஒரு பபூன் குரங்கு ரொட்டிச் சுருளைப் பொட்டலத்தோடு தூக்கிக்கொண்டு போனது. இரண்டு நாளில் ஒரு சிங்கம் கூடக் கண்ணில் படவில்லை. ஆனால் வீட்டில் இன்றுவரை பேசுவது அந்தக் குரங்கைத்தான்.

அப்புறம், க்ரூகர் அடுத்த ஜூலைக்கு. முகாம்களை 11 மாதம் முன்பே பதிவு செய்யலாம். ஸ்குகுஸா, லோயர் சாபி போன்றவை பள்ளி விடுமுறைக்குச் சீக்கிரம் நிரம்பிவிடும், ஆகஸ்டிலேயே உட்காருங்கள். மகனுக்கும் அதற்குள் ஆறு வயதாகிவிடும்; அங்கே வழிகாட்டியோடு போகும் வண்டியில் ஆறு வயதுக்குக் கீழே ஏற்றமாட்டார்கள். பூங்காவுக்குள் இருக்க நாள் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று தினமும் ஏறும். பல நாள் தங்குவதென்றால் குடும்ப வைல்ட் கார்டு (பூங்காக்களுக்கான ஆண்டு அட்டை) மலிவா என்று கூட்டிப் பாருங்கள். தென்னாப்பிரிக்க அடையாள அட்டையை மறந்தால் வெளிநாட்டுக்காரர் கட்டணம் கேட்பார்கள், அது பல மடங்கு. மலேரியா மாத்திரை அம்மாவுக்கும் சின்னவனுக்கும் ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள், அதுவும் ஒரு செலவு.

சேர்க்கும் பணத்தை 32 நாள் அறிவிப்புக் கணக்கில் (எடுக்க 32 நாள் முன்பே வங்கியிடம் சொல்ல வேண்டும்) போடுங்கள். சட்டென்று எடுக்க முடியாது, அதுதான் வசதி. ஆண்டுக்கு 23,800 ரேண்ட் வரை வட்டிக்கு வரி இல்லை. வரியில்லாச் சேமிப்புக் கணக்கை இதற்குத் தொடாதீர்கள்: அதில் வாழ்நாள் வரம்பு 500,000 ரேண்ட், எடுத்தது அந்த வரம்பில் திரும்பிச் சேராது.

க்ரூகருக்கு எஸ்வாத்தினி (பழைய ஸ்வாசிலாந்து) நாட்டு வழியாகக் குறுக்கே போக நினைத்தால் பாஸ்போர்ட் மட்டும் போதாது. கார் இன்னும் வங்கிக் கடனில் இருந்தால், எல்லை தாண்ட அனுமதிக் கடிதத்தை அந்த வங்கியிடம் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.