தெளியவைத்த தண்ணீர் பாய்ச்சியும் கீரையில் கிருமி வருவது ஏன்?

கேள்வி: அரை ஏக்கர் களிமண் நிலத்தில் அரைக்கீரை, சிறுகீரை, கொத்தமல்லி போடுகிறேன். பண்ணைக்குட்டைத் தண்ணீரை 3 அடித் தொட்டியில் ஏற்றி, ஓர் இரவு தெளியவிட்டுத்தான் பாய்ச்சுகிறேன். இருந்தும் கீரையில் ஈ.கோலி இருப்பதாக, வாங்குபவர் பரிசோதனைத் தாளைக் காட்டுகிறார். தெளிந்த தண்ணீரில் கிருமி எப்படி வரும்?

பதில்: வணக்கம் ஐயா. ஈ.கோலி மாடு, ஆடு, மனிதர் குடலில் வாழும் பாக்டீரியா. எல்லா வகையும் நோய் தராது. ஆனால் அது கீரையில் இருக்கிறது என்றால் எங்கோ சாணமோ மலமோ கலந்திருக்கிறது. மாட்டுக்கு எந்தக் கெடுதலும் செய்யாமல் அதன் குடலில் இருந்துகொண்டு, மனிதருக்கு ரத்தபேதி தரும் வகைகளும் உண்டு. அதனால் இந்த முடிவை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் தண்ணீரைப் பார்க்கிறீர்கள். நான் சேற்றைப் பார்க்கச் சொல்வேன். களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் கீழே, அதாவது ஒரு மில்லிமீட்டரில் 500-ல் ஒரு பங்குக்கும் குறைவு. பாக்டீரியாவின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டின் மேற்பரப்பிலும் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ள வேண்டும். ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் நடுவே நின்று இரண்டையும் பிணைத்துவிடுகின்றன. தண்ணீர் உப்பாகவோ கடினமாகவோ இருந்தால் இது இன்னும் எளிது. கிட்டே வந்த பாக்டீரியா மெல்லிய இழைகளால் பற்றிக்கொள்ளும். அப்புறம் பசை போன்ற ஒன்றைச் சுரந்து நிலையாக ஒட்டிக்கொள்ளும். செம்மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடுகள் பல நேரம் நேர்மின்னேற்றம் கொண்டவை என்பதால் அவை தாமாகவே பாக்டீரியாவை இழுக்கும்.

இப்படி ஒட்டியதற்கு வெயில் அவ்வளவாகப் படாது. அதைத் தின்னும் நுண்ணுயிர்களிடமிருந்தும் ஓரளவு தப்பிக்கும். அதனால்தான் மேல்தண்ணீரைவிடக் குட்டையின் அடிச்சேற்றில் ஈ.கோலி அதிகமாகவும், நெடுநாளும் இருக்கும்.

ஓர் இரவில் வண்டல் அடியில் இறங்கிவிடும், சரி. ஆனால் 2 மைக்ரான் துகள் அசையாத தண்ணீரில் 10 செ.மீ. இறங்கவே ஏழெட்டு மணி நேரம் ஆகும். உங்கள் 3 அடிக்கு இரண்டு மூன்று நாள். அதைவிட நுண்ணியது மிதந்துகொண்டே இருக்கும். தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாய் அடியோடு ஒட்டி இருந்தால், இறங்கிய வண்டலும் வயலுக்குத்தான் போகும். குழாயைத் தொட்டியின் அடித்தளத்திலிருந்து ஓர் அடி உயர்த்துங்கள். குட்டையிலும் மோட்டாரின் உறிஞ்சுகுழாய் சேற்றில் படக்கூடாது. மாடு குட்டைக்குள் இறங்கினால் சாணமும் விழும், பழைய சேறும் கலங்கும். வெளியே தனித் தொட்டி கட்டிக் குடிக்கவிடுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே வரும் பக்கம் வெட்டிவேர் நெருக்கமாக நட்டால் வண்டலில் ஒரு பகுதியைத் தடுக்கும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: அறுத்த கட்டுகளைக் குட்டையிலேயே முக்கி எடுக்கிறீர்களா? பலர் வாடாமலிருக்க அப்படிச் செய்கிறார்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் மோசம். அறுத்த காம்பின் வாய் திறந்திருக்கும்போது சேற்றுத்தண்ணீரில் முக்குவதை இன்றே நிறுத்துங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீரில் மட்டும் அலசுங்கள். கலங்கலான தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பயனில்லை. சேற்றில் உள்ள கரிமப்பொருள் குளோரினைத் தின்றுவிடும், துகளில் ஒட்டியிருக்கும் கிருமி தப்பிவிடும்.

அடுத்து சாணம். பச்சைச் சாணம் இட்டால், மண்ணைத் தொட்டு வளரும் பயிரை 120 நாள் கழித்தே அறுக்க வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. சிறுகீரை 25 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். காத்திருக்க வழியே இல்லை. ஆகவே கீரைப் பாத்திக்கு நன்றாகச் சூடேறி மக்கிய உரம் மட்டும். சாணக் கரைசலையோ, சாணமும் கோமியமும் கலந்து புளிக்கவைக்கும் ஜீவாமிர்தத்தையோ கீரை இலைமேல் தெளிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கீரையைக் கடைந்து சாப்பிடுவார்கள், சூட்டில் கிருமி சாகும். கொத்தமல்லி பச்சையாகச் சட்னிக்குப் போகிறது.

பெருமழை பெய்தால் மண் தெறித்து இலையின் அடிப்பக்கம் ஒட்டும். அன்றே அறுக்காமல் ஓரிரு நாள் வெயில் காயவிடுங்கள். பாத்தி ஓரங்களில் வைக்கோல் பரப்பினால் தெறிப்பு குறையும்.

அடுத்த பரிசோதனைக்கு அறுத்தவுடன் அலசாத கீரை ஒன்று, அலசிய கீரை ஒன்று, தொட்டியிலிருந்து வயலுக்குப் போகும் தண்ணீர் ஒன்று என மூன்று மாதிரி கொடுங்கள். அலசாத கீரை நன்றாக இருந்து அலசியதில் ஈ.கோலி வந்தால், குற்றம் அலசும் தண்ணீரில்.