நிலைப்படிக்கு ஆணியா, பசையா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்கதவுக்கு நிலைப்படியே வைக்காமல் கட்டிவிட்டார்கள். கதவுக்கும் சிமெண்ட் தரைக்கும் நடுவில் முக்கால் அங்குலச் சந்து. ஐப்பசி மழையில் சாரல் அடுக்களை வரை வருகிறது, ஒருநாள் அட்டையே வந்துவிட்டது. மரத்தில் நிலைப்படி போட நினைக்கிறோம். கொத்தனார் கான்கிரீட் ஆணி நாலு அடித்தால் போதும் என்கிறார். மகன் பசை போட்டு ஒட்டிவிடலாம் என்கிறான். எதைச் செய்வது?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: கொத்தனாரிடம் ஆணியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அம்மா. தரை ஓரத்தில் ஆணி அடித்தால் பாதி நேரம் ஆணி வளையும், மீதி நேரம் ஓரம் பெயரும். நிலைப்படியை மிதிக்கக் கூடாது என்று பாட்டிமார் சொன்னது முன்வாசலுக்கு. பின்கதவில் கேஸ் சிலிண்டரே அதன்மேல்தான் இறங்கும்.

தம்பி சொல்வது முழுக்கத் தப்பில்லை. காய்ந்த தரையில் பாலியூரித்தேன் சீலண்ட் நன்றாகப் பிடிக்கும். ஆனால் நம் மலையில் தரை என்றைக்கு முழுசாகக் காய்கிறது? ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் தாளை வெட்டி, கதவடியில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால், அது மண்ணிலிருந்து மேலே ஏறும் ஈரம். மேல்பக்கம் இருந்தால் வெறும் பனிமூட்டம், கவலை வேண்டாம். அடியில் ஈரம் இருந்தால் மரத்தை மறந்துவிட்டு, கிரானைட் துண்டு ஒன்றைச் சிமெண்ட் கலவையில் பதித்துவிடுங்கள். அந்த வேலைக்குக் கொத்தனாரே போதும்.

அடிப்பக்கம் காய்ந்திருந்தால் ஸ்க்ரூவும் சீலண்டும் சேர்த்துத்தான் போட வேண்டும். ஸ்க்ரூ பிடிப்புக்கு, சீலண்ட் தண்ணீருக்கு.

குன்னூர் பக்கம் 31 வருஷமாகக் கதவு மாட்டுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் அருவங்காட்டில் ஒரு வீட்டுக்கு நிலைப்படி போட்டேன். அப்போதெல்லாம் தரையை உளியால் கொத்தி, குழியில் மரக்கட்டை அடித்து, அதில் ஸ்க்ரூவை ஏற்றுவோம். மழைக்காலத்தில் கட்டை ஊதி ஜம்மென்று நின்றது. தை மாதம் காற்று உலர்ந்ததும் கட்டை சுருங்கிவிட்டது. வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, குனிந்து, இரண்டு விரலால் நிலைப்படியைத் தூக்கிக் காட்டினார். நாலு ஸ்க்ரூவும் கட்டையோடு பல் விழுந்த மாதிரி தொங்கின. அன்றிலிருந்து பிளாஸ்டிக் பிளக்தான்.

சரி, வேலைக்கு வருவோம். சந்து முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லி. தேக்கில் 4 அங்குல அகலம், 15 மில்லி கனத்துக்கு இழைத்து வாங்குங்கள். மிச்சம் 4 மில்லியைக் கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டி அடைத்துக்கொள்ளலாம். மழையில் கதவு ஊதி நிலைப்படியில் தட்டுமே என்று பயப்படாதீர்கள். கதவு ஊதுவது அகலவாட்டில். உயரவாட்டில் அவ்வளவாக ஊதாது. அடி தட்டினால் பெரும்பாலும் மேல் கீல் தொய்ந்திருக்கும். மேல்முகத்தை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சரித்து இழைக்கச் சொல்லுங்கள். அடிப்பக்கத்துக்கும், முக்கியமாக இரண்டு வெட்டுமுனைகளுக்கும், பொருத்துவதற்கு முன்பே பிரைமர் அடித்துவிட வேண்டும். வெட்டுமுனைதான் மரத்தின் வாய், தண்ணீரை உறிஞ்சுவது அங்கேதான். மேலே மட்டும் பளபளவென்று வார்னிஷ் அடித்துவிட்டு அடியை மறந்தவர்கள் வீட்டில் எத்தனை படிகளைக் கழற்றியிருக்கிறேன்!

முதலில் மரத்தில் துளை. மூன்றடிக் கதவுக்கு நாலு ஸ்க்ரூ, இரண்டு முனையிலிருந்தும் 2 அங்குலம் தள்ளி. தரை ஓரத்திலிருந்தும் 2 அங்குலமாவது உள்ளே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஓரம் உடையும். பலகையை இடத்தில் வைத்து, துளை வழியாகத் தரையில் பென்சிலால் புள்ளி வையுங்கள். தரையடியில் தண்ணீர்க் குழாயோ கரண்ட் வயரோ போகிறதா என்று கேட்டுக்கொண்டு, ஹேமர் டிரில்லில் 8 மில்லி கான்கிரீட் பிட் மாட்டுங்கள். தொடங்கும்போது ஹேமரை அணைத்து வைத்தால் பிட் வழுக்காது. கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு மாஸ்க்கும் கட்டாயம்.

துளையிடும்போது வருகிற தூளைப் பாருங்கள். ரெட் ஆக்சைடு தரையென்றால் முதலில் கொஞ்சம் சிவப்பு வரும், அது மேல்பூச்சு. அப்புறம் சாம்பல் நிறம் வர வேண்டும். சாம்பல் போய் மறுபடி ஈரச் சிவப்பு வந்தால் கான்கிரீட்டைத் தாண்டிச் செம்மண்ணுக்கே போய்விட்டீர்கள், அந்தத் துளை பிளக்கைப் பிடிக்காது. இடம் மாற்றிப் போடுங்கள். ஆழம் 45 மில்லி போதும், பிட்டில் அந்த அளவுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டால் கை தானாக நிற்கும்.

இனிமேல்தான் எல்லோரும் கோட்டை விடுகிற இடம். துளைக்குள் தூளை விட்டுவிட்டுப் பிளக்கைத் தட்டினால் அது முழுசாக இறங்காது, ஸ்க்ரூவை முடுக்கும்போது பிளக்கும் கூடவே சுற்றும். வாயால் ஊதாதீர்கள், தூள் கண்ணுக்குத்தான் வரும். சைக்கிள் பம்ப் முனையைத் துளைக்குள் விட்டு நாலு அடி அடியுங்கள்; புகை மாதிரி வருவது நின்றால் சுத்தம். பிறகு 40 மில்லி பிளக்கைத் தரை மட்டத்துக்குத் தட்டிவிட்டு, பலகையின் அடியில் நீளவாட்டில் இரண்டு வரி சீலண்ட், நிலைக்கால்களைத் தொடுகிற முனைகளிலும் ஒரு வரி. 50 மில்லி ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ. சாதா இரும்பு ஸ்க்ரூ நம் ஈரத்தில் துரு வடித்து, தேக்கில் கறுப்புக் கறை விடும். எல்லா ஸ்க்ரூவையும் பாதி பாதியாக முடுக்கிக்கொண்டு வந்து, கடைசியில் கையால் இறுக்குங்கள். மெஷினால் இறுக்கினால் பிளக் உள்ளேயே சுற்றிவிடும். ஒரு நாள் யாரும் மிதிக்க வேண்டாம்.

கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் பெரிய மழை என்பதால் இந்த வேலையை மாசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தேக்கு விலை கட்டுப்படியாகவில்லை. தோட்டத்திலேயே கற்பூர மரம் (யூகலிப்டஸ்) விழுந்து கிடக்கிறது. அதை அறுத்து நிலைப்படி போடலாமா?
– ஒரு வாசகர், எடப்பள்ளி

பதில்: போடாதீர்கள். நம் மலையில் விறகுக்காக நட்ட மரம் அது. காயும்போது முறுக்கிக்கொள்ளும், ஸ்க்ரூ போட்டு அடக்கினாலும் ஒரு முனை தூக்கும். பழைய வீடு இடிக்கிற இடத்தில் தேக்கு ஜன்னல் சட்டம் கிடைக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். ஏற்கெனவே காய்ந்து முடிந்த மரம், இழைத்தால் புதுசு. ஆணி ஒன்றுகூட மிச்சமில்லாமல் பிடுங்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் இழைப்புளிக்காரர் உங்களைத் திட்டுவார்.

கேள்வி: மாமனாருக்கு வயது 80. புது நிலைப்படியில் இரண்டு முறை கால் தடுக்கிவிட்டது. எடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, ஊட்டி

பதில்: எடுத்தால் ஊட்டிக் குளிர் உள்ளே வரும், அதுவும் அவருக்குத்தான் ஆகாது. படியைக் கழற்றி, உள்பக்க விளிம்பையும் வெளிப்பக்க விளிம்பையும் தரைவரை சரிவாக இழைத்து மாட்டச் சொல்லுங்கள். செங்குத்தான விளிம்பில்தான் கால் தடுக்கும், சரிவில் ஏறிவிடும். விளிம்பு ஓரமாக மஞ்சள் பெயிண்ட்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மஞ்சள் பூசிய மாதிரியும் இருக்கும், அவர் கண்ணுக்கும் தெரியும்.